உவமையால் உயரம் தாண்டுவோம்

(தூத்துக்குடிக் கடற்கரைச் சிற்றூர்களின் உடற்கல்வி ஆசிரியர்கள், இளைஞர் மன்றத்தினர், மாதர் மன்றத்தினர் ஆகியோர் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வருபவர் சாலை, கிணறு, கடன், கழிப்பறை ஆகியவற்றைப் பற்றியே பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கோலூன்றித் தாண்டுதல். சிற்றூர் வளர்ச்சிக்கும் நீண்டதொரு கோலை ஊன்றி மனிதன் வானில் எழும்புவதற்கும் என்ன உறவு என்று வினவலாம். ஓர் ஊரின் செல்வங்களுள் முதன்மையானது அவ்வூர்ப் பிள்ளைகளின் உடலும் ஊக்கமும் ஆகும். அவ்விரண்டும் வளரும் இடம் விளையாட்டுத் திடல். ஆதலின் இதுவும் வளர்ச்சிப் பணியே.

ஓட்டமும் நீளத் தாண்டுதலும் எல்லா ஊர்களிலும் நடைபெறுகின்றன. கோலூன்றித் தாண்டுதலோ, 'இது நமக்கு எட்டாதது' என்று ஒதுக்கப்பட்டு நிற்கிறது. எட்டாதது என்பது உண்மையன்று. தமிழ்நாட்டு வீராங்கனை வி. எஸ். சுரேகா 2014ஆம் ஆண்டில் 4.15 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். 2022ஆம் ஆண்டில் காந்திநகரில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டியில் நம் மாநிலத்து ரோசி மீனா பால்ராஜ் 4.20 மீட்டர் தாண்டி அதனை முந்தினார். அதே போட்டியில், படைத்துறை அணிக்காக ஆடிய தமிழர் சிவா சுப்பிரமணி 5.31 மீட்டர் தாண்டினார். ஆடவர் பிரிவில் அந்நாளைய தேசியச் சாதனை அதுவே. இம்மூவரும் நம் மொழி பேசுபவர்கள். நம் மண்ணில் ஓடிப் பழகியவர்கள். பெண்களுக்கான கோலூன்றித் தாண்டுதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2000ஆம் ஆண்டில் சிட்னி நகரிலேதான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். இத்துறையில் நம் பெண்கள் உலகத்தாருக்கு நெடுங்காலம் பிந்திவிடவில்லை.

சொல் மிகுந்தால் கால் தடுமாறும்

இடர்ப்பாடு எங்கே இருக்கிறது? கற்பிக்கும் முறையில் இருக்கிறது. கோலைப் பிடித்து ஓடத் தொடங்கியது முதல் மெத்தையில் விழுகின்ற வரையில் சில வினாடிகளே செல்கின்றன. கால் தரையை விட்டபின் உள்ள நேரமோ இரண்டு வினாடிக்கும் குறைவு. அதற்குள் கை, தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய அனைத்தும் தத்தம் வேலையை முறைப்படி செய்தாக வேண்டும். ஆசிரியர் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு கட்டளை இடுகிறார். மாணவன் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்துகொண்டு ஓடுகிறான். குழிக்கு அருகில் வந்ததும் எதை முதலில் நினைப்பது என்று திகைத்து நிற்கிறான், அல்லது கோலோடு மோதிக்கொள்கிறான். இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்ததும் அச்சம் குடிகொள்கிறது. அவன் கோலை மீண்டும் தொடுவதில்லை.

இதற்கு மாற்று என்ன? பிள்ளை தன் கண்ணால் ஏற்கெனவே கண்டறிந்த ஒரு காட்சியை மனத்தில் நிறுத்துவதே மாற்று. ஒரு நல்ல உவமை பத்துக் கட்டளைகளைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். அறிவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 1998ஆம் ஆண்டில் காப்ரியேலே வுல்ஃப் என்பாரும் அவர்தம் துணைவரும் பனிச்சறுக்கு அசைவைப் பழக்கும் ஒரு கருவியைக் கொண்டு சோதனை நடத்தினர். தம் கால்களின்மீது கவனம் வைத்தவர்களைவிடக் கருவியின் சக்கரங்களின்மீது கவனம் வைத்தவர்கள் நன்கு கற்றனர். 2001ஆம் ஆண்டில் லியாவ், மாஸ்டர்ஸ் என்னும் இருவர் மேசைப் பந்தாட்டம் அறியாதவர்களுக்கு, 'மட்டையால் ஒரு செங்கோண முக்கோணம் வரைவதுபோல் அடியுங்கள்' என்ற ஒரே உவமையைச் சொல்லிக் கொடுத்தனர். பல விதிகளைக் கற்றவர்களின் ஆட்டம் மனத்துக்கு வேறொரு வேலை தந்தவுடன் குலைந்தது. உவமையால் கற்றவர்களின் ஆட்டம் குலையவில்லை. போட்டி நாளில் கூட்டமும் ஆரவாரமும் மனத்தைக் கலைக்கும்போது நம் பிள்ளைகளுக்கு வேண்டுவது இவ்வுறுதிதான்.

உவமை பிள்ளையின் வாழ்விலிருந்தே எழவேண்டும். பனிச்சறுக்கைக் காணாத பிள்ளைக்குப் பனிச்சறுக்கு உவமையாகாது. நம் கடற்கரையோ உவமைகளின் களஞ்சியம். அவற்றுட் சிலவற்றை முறையாகக் காண்போம்.

அலையும் சுவரும்

முதலாவது, இவ்விளையாட்டின் அடிப்படையை விளக்கும் உவமை. நம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலினுள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றன. காற்றுக் காலத்தில் கிடையாக ஓடிவரும் அலை கல்லில் முட்டியதும் என்ன ஆகிறது? மேல்நோக்கி எழுகிறது. அதை யாரும் தூக்கிவிடவில்லை. ஓடிவந்த வேகமே உயரமாக மாறுகிறது. கோலூன்றித் தாண்டுதலும் அதுவே. கோல் மனிதனைத் தூக்கும் கருவி என்று பலரும் எண்ணுகின்றனர். கோல் வேகத்தின் திசையைத் திருப்பிவிடுகிறது. வேகத்தைக் கொண்டுவர வேண்டியவை கால்களே.

கணக்கும் எளிது. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் வேகம் முழுவதும் உயரமாக மாறினால் ஏறத்தாழ 3.26 மீட்டர் எழும்பலாம். 9 மீட்டர் வேகமாயின் 4.13 மீட்டர், 10 மீட்டர் வேகமாயின் 5.10 மீட்டர். நிற்கும்போதே நம் உடலின் நடுப்பாரம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனையும் கூட்டிக்கொள்ளுங்கள். இறுதியில் கைகளால் உந்தும் வலிமை இன்னும் சிறிது சேர்க்கும். 1985ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் செர்கேய் புப்கா முதன்முதலாக 6 மீட்டர் தாண்டியதும், 2009ஆம் ஆண்டில் சூரிச் நகரில் யெலேனா இசின்பாயேவா 5.06 மீட்டர் தாண்டியதும், 2025ஆம் ஆண்டில் டோக்கியோவில் அர்மான் டுப்லாண்டிஸ் 6.30 மீட்டர் தாண்டியதும் இக்கணக்குக்கு உட்பட்டவையே. ஆதலின் முதற்பாடம் ஓட்டம். வேகமாக ஓடத் தெரிந்த பிள்ளை பாதித் தூரம் கடந்துவிட்டது.

ஏணியும் கைப்பிடியும்

நீண்ட ஏணியைச் சுவரில் சார்த்தும்போது அதன் அடியை ஓரிடத்தில் முட்டக்கொடுத்து, நுனியைத் தலைக்குமேல் தூக்கியபடி அடியை நோக்கி விரைந்து நடக்கிறோம். குட்டை ஏணி எளிதில் நிமிர்கிறது. நெட்டை ஏணியை நிமிர்த்த மிகுந்த உந்துதல் வேண்டும். உந்துதல் போதாவிடின் பாதி வழியில் நின்று நம்மீதே திரும்பச் சாய்கிறது. கோலின்மேல் கை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு ஏணி நெட்டையாகிறது. தொடக்கத்தில் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். கோல் தடையின்றி நிமிர்ந்து அப்பாற் சாயும் வரையில் பிடியை உயர்த்தலாகாது. ஆவல் மிகுதியால் பிடியை உயர்த்தும் பிள்ளை மெத்தையில் விழாமல் பின்புறமாக ஓடுபாதையில் விழ நேரும். விபத்துகளுக்கு இஃதொரு பெருங்காரணம். ஏணி உவமையை ஒருமுறை செய்து காட்டினால் இந்த அபாயத்தைப் பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும்.

ரயில்வே கேட்டும் உப்புக் கூடையும்

ஓடும்போது கோலை எங்ஙனம் ஏந்துவது? கோல் நிமிர்ந்திருக்கும்போது கனம் தோன்றாது. கிடையாகத் தாழ்ந்தால் கையை இழுக்கும். ஆகவே நிமிர்த்தித் தொடங்கி, ஓட ஓடத் தாழ்த்தி வரவேண்டும். ரயில்வே கேட்டின் தடி மேலிருந்து சீராக இறங்குவதைப் பிள்ளைகள் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். அத்தடி நடுவில் நிற்பதுமில்லை. இறுதியில் தொப்பென்று விழுவதுமில்லை. கோலும் அவ்வாறே இறங்கட்டும்.

கடைசி மூன்று அடிகளில் கைகள் இடுப்பிலிருந்து தலைக்குமேல் செல்ல வேண்டும். இங்கே உப்பளத்துக்குச் செல்வோம். உப்புக் கூடையைத் தலைக்கு ஏற்றும் தாயைப் பாருங்கள். இடுப்பு, மார்பு, தலை என்று கூடை உடலை ஒட்டியே ஏறுகிறது. கையை அகல வீசி ஏற்றினால் உப்பு சிந்தும். கோலை ஊன்றுகின்றவரும் உடலை ஒட்டியே கையை உயர்த்தவேண்டும். 'இடுப்பு, காது, வானம்' என்று மூன்று அடிகளுக்கு மூன்று சொற்கள் போதும். அம்மூன்றாம் சொல்லின்போது மேற்கை முழுதும் நீண்டு, உந்துகால் தரையை மிதித்துத் துள்ள வேண்டும்.

உந்துகால் எங்கே விழவேண்டும் என்பதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு துணைபுரியும். மேற்கையிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது உந்துகாலின் நுனியைத் தொடவேண்டும். கால் அதற்கு முன்னே சென்றுவிட்டால் கோல் தோளைப் பின்னுக்கு இழுத்து முதுகை வருத்தும். வலக்கையர் இடக்காலால் துள்ளுவர். இடக்கையர் வலக்காலால் துள்ளுவர்.

மணியின் நாக்கு

துள்ளியபின் இரண்டு ஊசல்கள் ஒருங்கே இயங்குகின்றன. கோல் தன் அடியை மையமாகக் கொண்டு நிமிர்கிறது. மனிதன் தன் மேற்கையை மையமாகக் கொண்டு ஆடுகிறான். கோயில் மணியின் நாக்கைப் பாருங்கள். நாக்கு நீண்டிருந்து வீசினால் மணி முழங்குகிறது. துள்ளிய காலை மடக்காமல், மணியின் நாக்கைப்போல் நீளமாக வீசவேண்டும். முழங்காலை அவசரமாக மடக்கி வயிற்றோடு சேர்க்கும் பிள்ளை வீச்சின் வலிமையை இழந்துவிடுகிறது.

முத்துக்குளிப்பவரைத் தலைகீழாகக் காணுங்கள்

இனி வருவதே இவ்விளையாட்டின் கடினமான பகுதி. தலை கீழாகவும் கால் மேலாகவும் உடல் திரும்ப வேண்டும். இதற்கு நம் கடற்கரை ஓர் அரிய உவமையை வைத்திருக்கிறது.

கொற்கைக் காலம் முதல் புகழ்பெற்றது நம் முத்துக்குளித்தல். தூத்துக்குடிக் கடலில் அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரையில் நடைபெற்றது. அதன்பின் முத்துப் பார்களில் சிப்பி வளம் குன்றியமையால் நடைபெறவில்லை. அதனைக் கண்டவர்கள் இன்று முதியோர். அவர்கள் கூறக் கேளுங்கள். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து, கயிற்றைக் கையாற் பற்றி நிற்பார். கல்லைத் தளர்த்தியதும் அது அவரைக் கால் முதலாகக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். உடல் கயிற்றை ஒட்டி நேராக இறங்கும். அடியை அடைந்ததும் கல்லை விட்டு விலகுவார். தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்.

இக்காட்சியை அப்படியே தலைகீழாகத் திருப்பி வையுங்கள். கடல் மேலே இருக்கிறது. கோலே கயிறு. தாண்டுபவர் கால் முதலாக மேற்கடலுக்குள் மூழ்குகிறார். உடல் கோலை ஒட்டி, நேராக, கால் முன்னும் தலை பின்னுமாகச் செல்கிறது. குளிப்பவர் கடலடியைச் சேருமுன் கல்லை விட்டு விலகுவதில்லை. தாண்டுபவரும் கால்கள் உச்சிக்குச் செல்லுமுன் குறுக்குக் கம்பை நோக்கித் திரும்புவதில்லை. உச்சியை எட்டியதும் உடலைத் திருப்பி, குளிப்பவர் கல்லை விடுவதுபோல் கோலைப் பின்னுக்குத் தள்ளி விடுகிறார். 'கால் முதலாக வானத்தில் மூழ்கு. அடி சேர்ந்ததும் கல்லை விடு.' இவ்வளவே கட்டளை. காலை உயர்த்து, இடுப்பை உயர்த்து, தலையைப் பின்னுக்கு எறியாதே, கையை மடக்காதே, முந்தித் திரும்பாதே என்ற ஐந்தும் இதனுள் அடங்கிவிட்டன.

தீங்கு செய்யும் உவமைகள்

நல்ல உவமை எவ்வளவு பயன் தருமோ, பொருந்தாத உவமை அவ்வளவு கெடுக்கும். நம் தேரிக்காட்டுப் பிள்ளைகளுக்குப் பனையேறுதல் கண்ணிலும் கையிலும் ஊறியது. 'கோலைப் பனைபோல் பற்றி ஏறு' என்று கூறிவிட்டால் பிள்ளை கோலைத் தன்பால் இழுத்து அணைத்துக்கொள்ளும். பனை அசையாது நிற்கும் மரம். கோலோ நிமிர்ந்துகொண்டிருக்கும் மரம். அணைத்தவுடன் வீச்சு நின்றுவிடுகிறது. பனையேறும் கைவலிமை உச்சியில் உந்துவதற்குப் பயன்படும், உவமையாகப் பயன்படாது.

'வில்லை வளைப்பதுபோல் கோலை வளை' என்பதும் அத்தகையதே. இன்றைய கண்ணாடியிழைக் கோல் வளைவது உண்மை. வேகமும் துள்ளலும் சரியாக அமைந்தால் அது தானே வளையும். வளைக்கவென்று முயல்பவர் பின்னுக்குச் சாய்ந்து கீழ்க்கையால் முட்டுக்கொடுக்கிறார். வேகம் அங்கேயே செத்துவிடுகிறது. கண்ணாடியிழைக் கோல் உலகச் சாதனைகளில் தலைகாட்டியது 1961ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே, 1942ஆம் ஆண்டில், அமெரிக்கரான கார்னீலியஸ் வார்மர்டாம் மூங்கிற்கோலை ஊன்றி 4.77 மீட்டர் தாண்டினார். ஓட்டமும் துள்ளலும் வீச்சும் முதன்மை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நல்ல உவமைக்கும் எல்லை உண்டு. சுவரில் மோதிய அலை சிதறிப்போகிறது. தாண்டுபவர் கோலில் மோதிச் சிதறலாகாது. ஆகையால் அலையின் உவமையை ஓட்டத்தின் அருமையை உணர்த்துவதற்கு மட்டும் கூறி, துள்ளலைக் கற்பிக்கும்போது வேறு உவமைக்கு மாறிவிட வேண்டும்.

செய்முறை

ஆசிரியப் பெருமக்களுக்குச் சில கூறுவோம். ஒரு நாளைக்கு ஓர் உவமை போதும். உவமையைக் கூறியபின் அதனைப் பிள்ளையின் வாயால் ஒப்பிக்கச் செய்யாமல் உடலால் செய்துகாட்டச் சொல்லுங்கள். நாலைந்து முயற்சிகளுக்குள் அசைவில் மாற்றம் தோன்றாவிடின் அவ்வுவமை அப்பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள். பிள்ளையையே ஒன்று கூறச் சொல்லுங்கள். உப்பளத்துப் பிள்ளை ஒன்று கூறும். மீனவர் பிள்ளை மற்றொன்று கூறும். அவர்கள் கூறும் உவமை நாம் கூறுவதினும் வலிமையுடையதாக இருக்கும்.

தொடக்கப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. நீளத் தாண்டுதலுக்கென ஆழமாகக் கிளறிய மணற்குழியில், தாழ்வான பிடியோடு, குறுக்குக் கம்பு இல்லாமல், கோலை ஊன்றி மறுபுறம் சென்று இரு காலாலும் நிற்கப் பழக்கலாம். உலர்ந்து வெடித்த மூங்கிலையும் கணு பழுதுற்ற மூங்கிலையும் தொடவே கூடாது. உயரம் தாண்டும் பயிற்சிக்கு முறையான மெத்தையும், 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஊன்றுபெட்டியும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் இன்றியமையாதவை. கண்ணாடியிழைக் கோல்களில் அவை தாங்கும் உடல் எடை குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்ட எடையுடையவர் அக்கோலைக் கையாளுதல் ஆகாது. உவமை அச்சத்தைப் போக்கும். எச்சரிக்கையைப் போக்கிவிடக் கூடாது.

மாதர் மன்றச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பருவம் எய்தியதும் நம் பெண்மக்களின் விளையாட்டு பல வீடுகளில் நின்றுவிடுகிறது. திடலுக்குத் தாயார் ஒருவர் துணையாக வந்து அமர்ந்தால் பத்துப் பெண்கள் ஓடுவர். உப்புக் கூடை ஏற்றும் தாய் தன் மகளுக்கு ஆசானாகவும் அமைவதை அன்று அவர் கண்ணாரக் காண்பார்.

நண்பர்களே! கடலோரத்து மக்களுக்கு விளையாட்டு அறிவு வெளியிலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கு என்று எண்ணலாகாது. விதிகளும் அளவுகளும் கருவிகளும் வெளியிலிருந்து வரலாம். அவற்றை உடலுக்குப் புரியவைக்கும் அறிவு நம் உப்பளத்திலும் தோணியிலும் முத்துக்குளித்த முதியோரின் நினைவிலும் இருக்கிறது. அம்முதியோர் நம்மிடையே உள்ளபோதே அவர்களைத் திடலுக்கு அழைத்து வாருங்கள். கல்லின்மேல் கால் வைத்து இறங்கிய முறையை அவர்கள் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும். அடுத்த திங்களிலிருந்து ஒவ்வொரு பள்ளியும் ஒரு மணற்குழியைக் கிளறி ஆயத்தம் செய்யுமாறும், அதற்கு இளைஞர் மன்றத்தினர் உடலுழைப்பு நல்குமாறும் கேட்டுக்கொண்டு அமைகிறோம்.